ஞாயிற்றுக்கிழமைத் தச்சுவேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய தகரக் கொட்டகையில், 9 ஆண்டுகளாக ஞாயிறுதோறும் மரவேலை செய்துவருகிறேன். தொழிலால் நான் கணக்கர். தச்சுத் தொழில் எங்கள் குடும்பத்தில் எவருக்கும் இல்லை. துணி காயப்போட மாடிக்கு வருகிறவர்கள் சற்று நின்று வேடிக்கை பார்ப்பார்கள், பிறகு தங்கள் வீட்டுக் கதவையோ நாற்காலியையோ பற்றிக் கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப வருபவையே என்பதால், பதில்களை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். தொழில்முறைத் தச்சருக்கு இதில் புதிதாக ஒன்றும் இராது.

வாரத்தில் ஒரு நாள் கிடைக்கும் இரண்டு மூன்று மணி நேரத்தில் உருப்படியாக ஏதேனும் செய்ய முடியுமா?

முடியும். எடுத்த வேலையை அன்றே முடித்துவிட வேண்டும் என்ற பிடிவாதத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். பசை இறுக வேண்டும், பூச்சு காய வேண்டும், மரவாடியிலிருந்து வந்த பலகை நம் வீட்டுக் காற்றுக்குப் பழக வேண்டும். இவற்றுக்கெல்லாம் இடையில் வரும் ஆறு நாள்கள் தாமாகவே பயன்படுகின்றன. ஒரு முக்காலியை எடுத்துக்கொண்டால், முதல் வாரம் அறுத்து இழைப்பதற்கும், இரண்டாம் வாரம் துளை வெட்டிப் பொருத்திப் பார்ப்பதற்கும், மூன்றாம் வாரம் ஒட்டுவதற்கும், நான்காம் வாரம் உப்புத்தாள் தேய்த்துப் பூச்சு ஏற்றுவதற்கும் சரியாக இருக்கும். தொடக்கத்தில் சாவி மாட்டும் பலகை, உட்காரும் மணை, செருப்பு வைக்கும் தட்டு என்று சிறியவற்றைச் செய்வது நல்லது. கட்டிலில் தொடங்கியவர்கள் இருவரை அறிவேன். இரண்டு கட்டில்களும் இன்னும் சட்டங்களாகவே சுவரில் சாய்ந்து நிற்கின்றன.

எந்தக் கருவிகளை முதலில் வாங்க வேண்டும்?

ஒரு நல்ல கைரம்பம், முக்கால் அங்குல உளி ஒன்று, கால் அங்குல உளி ஒன்று, சிறிய இழைப்புளி, மூலைமட்டம், அளவு நாடா, கொட்டாப்புளி, இரண்டு திருப்புளிகள், ஒரு மின் துரப்பணம் (டிரில்), ஒட்டியதை இறுக்கிப் பிடிக்க நான்கு கிளாம்புகள். இவ்வளவு இருந்தால் ஓராண்டுக்கு வேறொன்றும் தேவைப்படாது. 32 துண்டுகள், 46 துண்டுகள் என்று பெட்டியில் அடுக்கி விற்கப்படும் தொகுப்புகளை நான் பரிந்துரைப்பதில்லை; அவற்றில் பாதி நம் கைக்கு ஒருநாளும் வராது, வரும் பாதியும் கூர் நிற்காது.

கிளாம்பு வாங்கப் பணம் போதாதவர்கள் சைக்கிள் கடையில் பஞ்சரான பழைய டியூபைக் கேட்டு வாங்கி, அதை இரண்டு விரல் அகலப் பட்டைகளாக வெட்டி வைத்துக்கொள்ளலாம். ஒட்டிய இணைப்பின் மீது அதை இழுத்து இழுத்துச் சுற்றினால், வளைந்த நாற்காலிக் காலைக்கூட அது கிளாம்பைவிட நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

புது உளிதான் வாங்கினேன். மரத்தைச் சீவாமல் பிய்க்கிறது. உளி சரியில்லையா?

உளியில் குறை இருக்க வாய்ப்புக் குறைவு. கடையில் வாங்கும் உளி பெரும்பாலும் சாணை பிடித்த அளவிலேயே வருகிறது, வேலைக்குத் தீட்டப்பட்டு வருவதில்லை. ஒரு கண்ணாடித் துண்டின் மீது வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தெளித்துப் பரப்பி, முதலில் உளியின் தட்டையான முதுகை, நுனியிலிருந்து ஓர் அங்குலம் வரையில், கண்ணாடிபோல் மின்னும்வரை தேய்க்க வேண்டும். பலர் இந்தப் படியைத் தவிர்த்துவிட்டுச் சரிவான முகத்தை மட்டும் தேய்க்கிறார்கள். கூர் என்பது இரண்டு பரப்புகள் சந்திக்கும் கோடு. அவற்றுள் ஒன்று கரடாக இருந்தால் மற்றதை எவ்வளவு தீட்டியும் பயனில்லை.

பிறகு சரிவான முகத்தை 25 முதல் 30 பாகைச் சாய்வில் பிடித்து, 220, 400, 1000 என்று எண் கூடக் கூட மென்மையாகும் வரிசையில் தாளை மாற்றித் தேய்க்க வேண்டும். வேங்கை, வேம்பு போன்ற கடினமான மரங்களுக்கு 30 பாகையே ஏற்றது. அதற்குக் குறைந்தால் நுனி சிதையும். தேய்க்கும்போது முதுகுப் பக்கத்தில் மெல்லிய உலோகப் பிசிறு ஒன்று திரண்டு வருவதை விரலால் தடவி உணரலாம். நுனியின் முழு அகலத்துக்கும் அது வந்த பிறகே அடுத்த தாளுக்குச் செல்ல வேண்டும். கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில் பத்துப் பன்னிரண்டு முறை பின்னோக்கி இழுத்தால் அந்தப் பிசிறு உதிர்ந்துவிடும். கூர் வந்ததா என்று பார்க்க முழங்கை மயிரைச் சிரைத்துக் காட்டுவதை விட, ஒரு மென்மையான மரத்தின் வெட்டுமுனையை, அதாவது நாருக்குக் குறுக்கே அறுத்த முகத்தை, சீவிப் பார்க்கலாம். தூளாக உதிராமல் சுருளாக வந்தால் போதும். வேலை தொடங்கும் ஒவ்வொரு ஞாயிறும் முதல் பத்து நிமிடத்தை இதற்கென்று ஒதுக்கிய பிறகுதான் என் இணைப்புகளில் வெளிச்சம் தெரிவது நின்றது.

மரவாடியில் "நூல்", "கன அடி" என்று பேசுகிறார்கள். கணக்கு எப்படி?

ஓர் அங்குலத்துக்கு 8 நூல். ஆக ஒரு நூல் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். கடைக்காரர் 6 நூல் பிளைவுட் என்றால் அது 19 மி.மீ. பலகை, 4 நூல் என்றால் 12 மி.மீ. பலகை.

மரத்தின் விலை கன அடிக்குச் சொல்லப்படும். நீளத்தை அடியிலும், அகலத்தையும் தடிமனையும் அங்குலத்திலும் எடுத்து, மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுக்க வேண்டும். 6 அடி நீளம், 8 அங்குல அகலம், ஒன்றரை அங்குலத் தடிமன் உள்ள பலகை 72ஐ 144ஆல் வகுத்தால் வரும் அரைக் கன அடி. ஒரு கன அடித் தேக்கு, நன்கு உலர்ந்த நிலையில், 18 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும் என்பதால் வீட்டுக்குத் தூக்கிவருவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மற்றொன்று: ஓர் அங்குலப் பலகை என்று வாங்குவது இரு பக்கமும் இழைத்த பின் 6 அல்லது 7 நூலாகத்தான் நிற்கும். நமக்கு முழு அங்குலம் தேவையென்றால் ஒன்றேகால் அங்குலத்தில் அறுத்துத் தரச் சொல்ல வேண்டும்.

எந்த மரத்தில் தொடங்கலாம்? தேக்குதான் வாங்க வேண்டுமா?

கற்றுக்கொள்ளும் கைக்குத் தேக்கு வீண். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கப்படும் சில்வர் ஓக், மருந்தேற்றிய ரப்பர் மரப் பலகை ஆகிய இரண்டும் விலை குறைந்தவை, இழைக்க எளியவை. ரப்பர் மரத்தை மருந்தேற்றாத நிலையில் வாங்கக் கூடாது; அதில் பூச்சியும் பூஞ்சையும் மிக விரைவில் பிடிக்கும்.

கை ஓரளவு பழகிய பிறகு பலாவுக்குச் செல்லலாம். மஞ்சள் நிறமும் சீரான நாரும் உள்ள மரம் அது. தஞ்சாவூர் வீணையின் குடம் பலாவில் குடையப்படுவது அதன் நாதத்துக்காக என்றாலும், உளிக்கு அது கொடுக்கும் வழியையும் நான் ஒரு காரணமாகச் சொல்வேன். பூவரசு சிறு சாமான்களுக்கு மிகவும் ஏற்றது. வேம்பில் பூச்சி எளிதில் அண்டாது, ஆனால் சரியாக உலராத வேப்பம்பலகை முறுக்கிக்கொள்ளும். மாமரம் மலிவு, ஆயுளும் அதற்கேற்றதே. வேங்கையின் தூள் நனைந்தால் நிறம் விடும்; வெள்ளைச் சுவரை ஒட்டி வைத்து அறுத்துவிட்டு நான் ஒரு சுண்ணாம்படிப்புச் செலவு செய்திருக்கிறேன்.

எந்த மரமானாலும் வைரம் பாய்ந்த நடுப்பகுதியைப் பார்த்து வாங்க வேண்டும். பட்டையை ஒட்டிய வெளிர்நிறப் பகுதியில் மாவுச்சத்து இருப்பதால் பூச்சி அங்குதான் முதலில் இறங்கும். தேக்கும் இதற்கு விலக்கில்லை. "தேக்குதானே" என்று வெள்ளைப் பட்டை ஓடும் பலகையைத் தள்ளிவிடப் பார்ப்பவர்கள் உண்டு. ஈட்டி, சந்தனம் ஆகியவற்றுக்குச் சட்டக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. ரசீது தராத இடத்தில் அவற்றின் சிறு துண்டையும் வாங்கக் கூடாது.

பழைய வீட்டு மரம் வாங்கலாமா? பேக்கிங் கட்டைகள்?

பழைய மரமே என் முதல் விருப்பம். காரைக்குடிப் பக்கத்து வீடுகளிலிருந்து கழற்றப்பட்ட பர்மாத் தேக்குச் சட்டங்கள் அவ்வூர்ப் பழம்பொருள் கடைகளுக்கு வருகின்றன; கதவு, நிலை, தூண் என்று கண்ணுக்குத் தெரிபவற்றுக்கு விலை அதிகம், ஆனால் உடைந்த சன்னல் சட்டங்களையும் உத்தரத் துண்டுகளையும் எடைக்கு நிகரான விலையில் கேட்டுப் பெற முடிகிறது. பல பத்தாண்டுகள் வெயிலையும் மழையையும் கண்ட கட்டை இனிப் புதிதாக முறுக்கிக்கொள்ளப் போவதில்லை. இழைப்பதற்கு முன் ஒரு காந்தத்தை எல்லாப் பக்கமும் தடவி, உள்ளே ஆணி முறிந்து கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதைக் காயவைத்துத் தேய்க்காமல், தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்டி எடுக்க வேண்டும்.

பேக்கிங் கட்டைகளில், அதாவது வெளிநாட்டுச் சரக்கு வரும் பைன் மரத் தட்டுகளில், கோதுமைக் கதிர் படத்துடன் ஒரு முத்திரை இருக்கும். அதில் எச்.டி. என்ற எழுத்துகள் இருந்தால் மரத்தின் நடுப்பகுதி 56 பாகை செல்சியசில் குறைந்தது 30 நிமிடம் சூடாக்கப்பட்டது என்று பொருள். அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். எம்.பி. என்றிருந்தால் மெதில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையூட்டப்பட்டது; அதைத் தொடாமல் விட்டுவிடுவதே நல்லது. முத்திரையே இல்லாததையும், எண்ணெயோ இரசாயனமோ ஊறிய கறை உள்ளதையும் குழந்தைகள் புழங்கும் பொருளுக்கு நான் எடுப்பதில்லை.

பிளைவுட், எம்.டி.எஃப். இரண்டில் எது?

தண்ணீர் படும் இடத்தில் எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) கூடாது, ஒருமுறை ஊதிப் பெருத்தால் அது பழைய நிலைக்குத் திரும்பாது. சமையலறைத் தொட்டியின் கீழ் வைக்க ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டும், மற்ற அலமாரிகளுக்கு ஐ.எஸ். 303 முத்திரையுள்ளதும் போதும். முத்திரை பலகையின் மேல் இருக்க வேண்டும், கடைக்காரரின் வாக்கில் மட்டும் இருந்தால் போதாது. ஒரு முழுப் பலகை 8 அடிக்கு 4 அடி. அறுக்கும் வரைபடத்தை வீட்டிலேயே தாளில் போட்டு எடுத்துச் சென்றால் கடையிலேயே அறுத்துத் தருவார்கள், மின்தூக்கியிலும் நுழையும்.

ஐப்பசி, கார்த்திகையில் கதவு நிலையோடு இறுகிக்கொள்கிறது. இழைத்துவிடலாமா?

அப்போது வேண்டாம். இவ்வளவையும் படிக்க நேரமில்லாதவர்கள் இந்த ஒரு பதிலையாவது படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் வீட்டு மரவேலையில் நேரும் பழுதுகளில் பாதிக்கு மேல் இதன் வெவ்வேறு வடிவங்களே.

வெட்டி, அறுத்து, கதவாக்கிய பிறகும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்குவதையும் விடுவதையும் நிறுத்துவதில்லை. ஈரம் ஏறும்போது அது நார் ஓடும் திசையில் நீள்வது மிகச் சொற்பம். நாருக்குக் குறுக்கே, அகலவாக்கில், பருக்கிறது. அந்தக் குறுக்கிலும் இரண்டு விதம் உண்டு: வளையங்களைத் தழுவிச் செல்லும் திசையில் ஏற்படும் மாற்றம், மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படுவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவேதான் கதவு உயரத்தில் மாறாமல் அகலத்தில் மட்டும் பருத்து, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும் நம் பக்கத்தில் ஆண்டுதோறும் அதே மாதங்களில் நிலையைப் பிடித்துக்கொள்கிறது. தை பிறந்து காற்று உலர்ந்ததும் அது தானாகவே இளகும்.

நான் மரவேலை தொடங்கிய முதல் ஆண்டில், கார்த்திகை மழையில் எங்கள் படுக்கையறைக் கதவை இரண்டு நூல் இழைத்துத் தள்ளினேன். அன்று மிக அருமையாகச் சாத்தியது. சித்திரையில் அந்தப் பக்கத்து விளக்கொளி ஒரு பட்டையாக இந்தப் பக்கம் விழுந்தது. பல்லி தாராளமாகப் போய்வந்தது. இழைத்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாமல், மெல்லிய தேக்குப் பட்டை ஒன்றை விளிம்பில் ஒட்டிச் சமாளித்தேன்.

முதலில் கீலைச் சந்தேகிக்க வேண்டும். கதவைப் பாதி திறந்து, பூட்டு இருக்கும் பக்கத்து விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தால், மேல் கீலின் ஸ்க்ரூக்கள் தளர்ந்திருக்கின்றனவா என்று தெரிந்துவிடும். அவை தளர்ந்தால் கதவு சாய்ந்து, பூட்டுப் பக்கத்து மேல்மூலை நிலையிலும் கீழ்மூலை தரையிலும் உரசும். இது மழையின் குற்றமன்று, பத்து நிமிட வேலை. கீல் உறுதியாக இருந்தால், கதவின் விளிம்பில் சுண்ணக்கட்டியைப் பூசிச் சாத்தித் திறக்க வேண்டும். நிலையில் எங்கே வெள்ளை படிகிறதோ அங்கே பென்சிலால் குறித்து வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்து மழைக்காலத்தைக் கடத்த வேண்டும்.

மாசியில் அந்தக் குறியைப் பார்த்து, அந்த இடத்தை மட்டும், ஒரு நூலுக்கு மேற்படாமல் இழைக்கலாம். இழைத்த அன்றே அந்த விளிம்பில் பெயின்டோ வார்னிஷோ ஏற்றிவிட வேண்டும். கதவின் உச்சி விளிம்பையும் அடி விளிம்பையும் அப்போதே கவனிக்க வேண்டும். எவர் கண்ணிலும் படாத அவ்விடங்களைப் பூச்சு வேலை செய்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். நிற்கும் சட்டங்களின் வெட்டுமுனைகள் அங்கேதான் திறந்து கிடக்கின்றன, மரம் ஈரத்தை மிக விரைவாகக் குடிப்பது வெட்டுமுனை வழியாகத்தான். உச்சியில் கண்ணாடியை நீட்டிப் பார்த்தால் வெறும் மரம் தெரியும். இரண்டு கோட் வார்னிஷ் பூசியபின் எங்கள் வீட்டுக் கதவுகளில் மூன்று இன்றுவரை இறுகவில்லை.

கீலின் ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிடிக்கவில்லை.

துளை பெரிதாகிவிட்டது. தலை கிள்ளிய தீக்குச்சிகளையோ மூங்கில் சிம்புகளையோ பசையில் தோய்த்துத் துளை நிறைய இறுக்கிச் சொருகி, ஒரு நாள் காயவிட்டு, மட்டமாகச் சீவி, நடுவில் மெல்லிய துளையிட்டு ஸ்க்ரூவை ஏற்றினால் பிடிக்கும். முன்னதைவிட அரை அங்குலம் நீளமான ஸ்க்ரூ கிடைத்தால் இன்னும் நல்லது.

நாற்காலி ஆடுகிறது. ஆணி அடித்தால் நிற்குமா?

இரண்டு மாதம் நிற்கும். பிறகு மரம் பிளக்கும். மர நாற்காலி பெரும்பாலும் ஒரு சட்டத்தின் நுனியை நாக்குபோல் செதுக்கி, மற்றொன்றில் அதற்கேற்ற துளை வெட்டிச் சொருகும் முறையில் பொருத்தப்பட்டிருக்கும். ஆடுகிறது என்றால் உள்ளே பசை விட்டுவிட்டது என்று பொருள். அந்த இணைப்பை முழுவதும் பிரிக்க வேண்டும். கொட்டாப்புளிக்கும் மரத்துக்கும் நடுவில் பழந்துணி வைத்துத் தட்டினால் தழும்பு விழாது. பிரிக்கும் முன் ஒவ்வொரு துண்டிலும் எண் எழுதி ஒட்ட மறந்தால், நான்கு கால்களில் எது எங்கே என்று மாலைவரை புதிர் போட்டுக்கொண்டிருக்க நேரிடும்.

பிரித்ததும் இரு பக்கமும் ஒட்டியிருக்கும் பழைய பசையை உளியால் சுரண்டி வெறும் மரம் தெரியச் செய்ய வேண்டும். இதுவே இந்த வேலையின் உயிர்நாடி. நாம் கடையில் வாங்கும் வெள்ளைப் பசை மரத்தின் நாருக்குள் இறங்கித்தான் பிடிக்கிறது. காய்ந்துபோன பழைய பசையின் மேல் அதைப் பூசினால் இரண்டும் ஒட்டாது. நாக்கு துளைக்குள் தளர்வாக இருந்தால் மெல்லிய மரச்சீவலை இரு கன்னத்திலும் ஒட்டித் தடிமனாக்கிக்கொள்ளலாம். இரு பக்கமும் பசை தடவி, பொருத்தி, நாற்காலியைச் சமதரையில் நிறுத்தி, சுற்றிலும் கயிறு கட்டி, கயிற்றுக்குள் ஒரு குச்சியை நுழைத்து முறுக்கினால் எல்லா இணைப்புகளும் ஒன்றாக இறுகும். பிதுங்கி வரும் பசையை அப்போதே ஈரத்துணியால் துடைக்க வேண்டும். விட்டால் அந்த இடத்தில் பாலிஷ் ஏறாது. 24 மணி நேரத்துக்கு எவரும் உட்காரக் கூடாது. வீட்டில் இதை எழுதி நாற்காலியிலேயே ஒட்டி வைப்பது என் வழக்கம்.

புத்தக அலமாரியின் தட்டு நடுவில் தொய்கிறது.

தட்டு அளவுக்கு மீறி நீளம். அதே நெருக்கத்தில் புத்தகங்களை அடுக்கினால், நீளத்தை இரட்டித்த தட்டு 16 மடங்கு தொய்யும். தடிமனை இரட்டித்தால் தொய்வு எட்டில் ஒன்றாகக் குறையும். 6 நூல் பிளைவுட்டில் இரண்டரை அடிக்கு மேல் தாங்கலின்றி விடாமல் இருப்பது நல்லது. ஏற்கெனவே செய்துவிட்டவர்கள் தட்டின் முன்விளிம்பில் ஒன்றரை அங்குல உயரச் சட்டம் ஒன்றைச் செங்குத்தாக ஒட்டி ஸ்க்ரூ போடலாம். தட்டைத் தலைகீழாகப் புரட்டிப் போடுவதும் ஒரு வழிதான், ஓராண்டு தாங்கும்.

சுவரில் தட்டு மாட்டுவோர் சுவிட்சுப் பெட்டிக்கு நேர் மேலும் நேர் கீழும் துளையிடக் கூடாது, மின்கம்பிக் குழாய் பெரும்பாலும் அவ்வழியாகவே செல்லும்.

மரத்துக்கு அடியில் மாவு போல் கொட்டிக் கிடக்கிறது. கரையானா?

மெல்லிய மாவும் ஊசி முனை அளவுத் துளைகளும் இருந்தால் அது உளுக்கச் செய்யும் வண்டு. சுவரில் மண்ணால் ஆன கோடு ஏறினால்தான் கரையான். வண்டுக்கு, பாலிஷ் இல்லாத பக்கத்தில் போராக்சும் போரிக் அமிலமும் கரைத்த நீரைத் தூரிகையால் பலமுறை ஊறவிட்டு, துளைகளில் ஊசிக்குழலால் செலுத்த வேண்டும். கரையானுக்கு மரத்தில் மருந்து பூசுவது பாதி வைத்தியமே. அது மண்ணிலிருந்து ஈரம் தேடி வருகிறது. கசியும் குழாயைச் சரிசெய்யாமல் அலமாரியை மட்டும் காப்பாற்ற முடியாது.

எந்தப் பூச்சு நல்லது?

பயன்பாட்டைப் பொறுத்தது. அரக்கைச் சாராவியில் (ஸ்பிரிட்டில்) கரைத்த பிரெஞ்சு பாலிஷ் பழைய மரத்துக்கு வரும் ஒளியை வேறெதுவும் தருவதில்லை. லிட்டருக்கு 120 கிராம் அளவில் நீர்த்த கரைசலைப் பஞ்சுத் துணிமூட்டையால் பலமுறை ஏற்றுவது, கெட்டியாக இருமுறை பூசுவதைவிடச் சிறந்தது. ஆனால் அது சூட்டையும் நீரையும் தாங்காது. காப்பி டம்ளர் வைத்த இடத்தில் வெள்ளை வட்டம் விழும். மழை நாளில் ஏற்றினால் காற்றின் ஈரம் சிக்கிப் பரப்பே பால்பூத்துவிடும். சாப்பாட்டு மேசைக்கு பாலியூரித்தேன் வார்னிஷ் ஏற்றது.

ஆளிவிதை எண்ணெய் பூசுவோருக்கு ஓர் எச்சரிக்கை. எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால், காயும்போது எழும் வெப்பம் உள்ளேயே தங்கி, நெருப்புக்குச்சி இல்லாமலே அது தீப்பிடிக்கும். துணியை விரித்துக் கொடியில் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும்.

அடுக்குமாடியில் சத்தத்துக்கும் தூசிக்கும் என்ன செய்வது?

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு வைக்கின்றன. மின் துரப்பணம் பகல் வரம்பை எளிதில் தாண்டும். ஆகவே சட்டத்தைவிட அண்டை வீட்டாரின் பொறுமையே நமக்கு அளவுகோல். நான் ஞாயிறு காலை பத்துக்கு முன்பும், பிற்பகல் ஒன்று முதல் நான்கு வரையிலும் மின்கருவியைத் தொடுவதில்லை. அந்நேரத்தில் இழைப்புளியும் உளியும் போதும். கீழ்வீட்டுப் பாட்டிக்கு ஒரு மணை செய்து கொடுத்த பிறகு புகார்கள் குறைந்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

தூசியை இதைவிடக் கவனமாகக் கருத வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் வைத்திருக்கிறது. உப்புத்தாள் தேய்க்கும்போது என்-95 முகமூடி அணிய வேண்டும். கைக்குட்டை கட்டிக்கொள்வது மனநிறைவுக்கு மட்டுமே உதவும்.

ஆங்கிள் கிரைண்டரில் மரம் அறுக்கும் வட்டு மாட்டி அறுக்கிறார்களே, நானும் செய்யலாமா?

கூடாது. 4 அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்று சுற்றும். பல் வைத்த வட்டு மரத்தில் சிக்கினால் கருவி கையைவிட்டு எகிறும், அல்லது கைமேலேயே திரும்பும். மரம் அறுக்கவென்றே உறையுடன் செய்யப்பட்ட வட்ட ரம்பம் இருக்கிறது. அதை வாங்க இயலாவிட்டால் கைரம்பத்தால் அறுக்கலாம், அல்லது மரவாடியில் கூலி கொடுத்து அறுத்துக்கொள்ளலாம்.

எந்த வேலைக்கு ஆசாரியை அழைக்க வேண்டும்?

வாசல் நிலையைப் பெயர்ப்பது, உத்தரம், படிக்கட்டுக் கைப்பிடி ஆகிய மூன்றையும் நான் தொடுவதில்லை. பிழை நேர்ந்தால் ஆள்மேல் விழக்கூடியவை அவை. ஊஞ்சல் மாட்டும் கொக்கியும் அப்படியே. ஆசாரி வரும் நாளில் அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு உதவிக்கு நிற்பேன். சென்ற முறை வந்த பெரியவர் என் உளியை எடுத்து நகத்தில் வைத்துப் பார்த்து, "தீட்டத் தெரிஞ்சிருக்கு, பிடிக்கத்தான் தெரியல" என்று சொல்லி, கட்டைவிரலை அரை அங்குலம் கீழே நகர்த்தி வைத்தார். அன்று முதல் கால் அங்குல உளி என் கையில் வழுக்குவதில்லை.